தோளுக்கு ஒன்று, மடிக்கு ஒன்று

ஜோல்னாப் பை என்றால் இன்றைக்குப் பலருக்குச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. தமிழ் சினிமாவில் கவிஞர் வர வேண்டுமென்றால் ஒரு தாடி, ஒரு கதர் ஜிப்பா, தோளில் ஒரு ஜோல்னாப் பை. பத்திரிகைத் துணுக்குப் படங்களிலும் அதே வேஷம்தான். ஆள் வேலைவெட்டி இல்லாதவன், வாய் ஓயாதவன், எதிரே வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும் என்கிற எச்சரிக்கையையும் பையோடு சேர்த்தே தைத்துவிட்டார்கள். வாத்தியார் வேலையில் இருந்த காலமும் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பையோடுதான் மதுரையிலும் திருமங்கலத்தைச் சுற்றிய கரிசல் ஊர்களிலும் அலைந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரும் ஜோல்னா வாத்தியார்தான். ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

சொல் வடக்கேயிருந்து வந்தது. இந்தியில் ஜோலா, ஜோலி, மராத்தியில் ஜோளி. எல்லாமே பைதான். இந்தியில் ஜூலா என்றால் ஊஞ்சல், ஜூல்னா என்றால் ஊஞ்சலாடுவது. தோளிலிருந்து தொங்கி நடைக்கு நடை ஆடுகிற பைக்கும் இந்தச் சொற்களுக்கும் உறவு சொல்வார்கள். மராத்திக்காரர்கள் குழந்தையைப் போட்டு ஆட்டுகிற துணித் தூளியையும் ஜோளி என்றே சொல்வதைப் பார்த்தால் உறவு சரியென்றுதான் படுகிறது. ஜோலா என்றாலே பை; நாம் ஜோல்னாப் பை என்று இன்னொரு பையையும் சேர்த்துக்கொண்டோம், கேட்டுக் கதவு என்று சொல்கிற மாதிரி.

ஆனால் இந்தக் குடும்பத்துச் சொல் தமிழுக்குப் புதுசு இல்லை. பழைய அகராதிகளைப் புரட்டினால் சோளிகை என்று ஒன்று இருக்கும். பரதேசிகள் தோளில் மாட்டுகிற பை. முதல் தடவை வந்தபோது ‘ஜ’வைக் கழற்றிவிட்டுச் ‘ச’ போட்டுக்கொண்டு தமிழாகவே ஆகிவிட்டது. இரண்டாம் தடவை வந்தபோது ஜோல்னா என்று அசல் உடுப்போடேயே தங்கிவிட்டது. சோளிகைக்குப் பக்கத்திலேயே பொக்கணம் என்றும் ஒரு சொல் உண்டு. ஆண்டிகளின் தோள்பை, திருநீற்றுப் பை. கேட்டவர்களுக்கெல்லாம் நீறு எடுத்துக் கொடுப்பதற்காகத் தொங்குகிற பை அது. அடைப்பை என்பது வெற்றிலைப் பை. ராஜாவுக்குப் பின்னாலேயே அதைச் சுமந்து நடந்து, கை நீட்டும்போது வெற்றிலை மடித்துக் கொடுப்பவர் அடைப்பைக்காரர். (பை என்று முடிவதெல்லாம் பையும் இல்லை. குடுகுடுப்பைக்காரர் தோளிலும் ஒரு துணிப்பை தொங்கும்தான். ஆனால் பெயரில் இருக்கிற குடுகுடுப்பை அவர் கையில் ஆட்டுகிற சின்ன உடுக்கை.)

மதுரைக்காரர்களுக்கு ஒரு பையின் கதை தாலாட்டிலிருந்தே தெரியும். அதைப் பை என்று நினைக்காததால் விட்டுவிடுகிறோம். பொற்கிழி. கிழித்தெடுத்த துணித் துண்டில் பொன்னை வைத்து முடிந்தால் அது கிழி. வைத்தியர்கள் மருந்தைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதையும் கிழி என்றே சொல்கிறார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பாண்டியன் ஆயிரம் பொன்னைக் கிழியாகக் கட்டிச் சங்க மண்டபத்தில் தொங்கவிடுகிறான். சொக்கநாதர் எழுதிக் கொடுத்த பாட்டை எடுத்துக்கொண்டு தருமி போகிறான். சினிமாவில் தருமியாக வந்த நாகேஷ் புண்ணியத்தில் 1965லிருந்து அந்தக் கதைக்கு நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம். பாட்டு என்னவோ குறுந்தொகையில் இரண்டாவதாக, இறையனார் பெயரில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. தருமி இன்னொருவர் பாட்டைச் சுமந்துகொண்டு போனதில் ஒரு குற்றமும் இல்லை. சபையில் அதைத் தன்னுடையது என்றான் பாருங்கள், வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தப் பைகளையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தோளில் தொங்குகிற பையில் இருப்பது பெரும்பாலும் தொங்கவிட்டவனுடைய சொத்து இல்லை. பொக்கணத்து நீறு அடியார்களுக்கு. அடைப்பையில் இருக்கும் வெற்றிலை ராஜாவுக்கு. சோளிகையில் விழுகிற அரிசிகூடப் பத்து வீட்டு அரிசி. நம்முடையது என்று நாம் நினைப்பதையெல்லாம் தமிழர்கள் தோளில் போட்டதில்லை, இடுப்பில்தான் செருகினார்கள். ஆம்பிளைக்கு வேட்டி மடிப்பு, பொம்பிளைக்கு முந்தானை முடிச்சு, வயசான அப்பத்தாமார்களுக்குச் சுருக்குப்பை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்றுதான் பழமொழி. தோளில் கனமிருந்தால் என்ன என்று எவரும் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் முதியோர் பென்ஷன் மணியார்டரில் வந்துகொண்டிருந்த நாட்களில் இதைக் கண்ணால் பார்ப்பேன். தபால்காரர் காக்கித் தோள்பையைத் திண்ணையில் இறக்கமாட்டார். தோளில் இருந்தபடியே முன்னால் இழுத்து வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்வார். பாரத்தை எடுத்து, அப்பத்தாவின் இடது கைப் பெருவிரலை மை தடவி உருட்டி, சாட்சிக்கு என்னையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூப்பிட்டு எழுதவைத்து, பிறகுதான் பணத்தை எடுப்பார். நோட்டை ஒவ்வொன்றாக அப்பத்தா உள்ளங்கையில் வைப்பார். கிழவி அதை நாலாக மடித்து, இடுப்பிலிருந்த சுருக்குப்பையை உருவி, வெற்றிலைக் காம்புக்கும் பாக்குத் தூளுக்கும் அடியில் அழுத்திவிட்டு, இரண்டு கயிற்றையும் எதிரெதிரே சுண்டி இழுப்பாள். பைவாய் மூடிக்கொள்ளும். அந்த இழுப்பு வரைக்கும் பணம் தபால்காரருடைய பொறுப்பு. அதற்குப் பிறகு மகன் வந்து பிடுங்கினாலும் தபால்காரரைக் கேட்க முடியாது. சில மகன்கள் வந்து பிடுங்கவும் செய்தார்கள், அது வேறு கதை.

அந்தத் தபால்காரரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து ஊர்களில் தோளில் துண்டு போட்டு நடக்க எல்லோராலும் முடிந்ததில்லை. பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் சிலருடைய துண்டு தோளிலிருந்து இறங்கிக் கக்கத்துக்கோ இடுப்புக்கோ போக வேண்டும். நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தபால்காரர் அப்படித் துண்டை இறக்கிக்கொண்டு நின்ற குடும்பத்துப் பிள்ளை. பத்தாவது படித்து வேலைக்கு வந்தவர். அதே தெருவில், அதே வீட்டுத் திண்ணைகளுக்கு முன்னால், தோளில் பை தொங்க நிமிர்ந்து நடந்தார். சர்க்கார் பையை இறக்கு என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தோள்பை என்றதும் அழகான பழைய சொற்களை அடுக்கிவிட்டு நிறுத்திவிட என்னால் முடியாததற்கு இதுதான் காரணம். எந்தத் தோளில் எது தொங்கலாம் என்பதற்கு இந்த மண்ணில் சட்டம் இருந்தது. எழுதாத சட்டம்.

கண்டக்டர் பையும் அதே ஜாதிதான். மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் ஓடிய காலத்திலிருந்து, 1972ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்து, இன்றைய அரசுப் போக்குவரத்துக் கழகம் வரைக்கும், அந்தத் தோல்பை கண்டக்டர் தோளிலிருந்து குறுக்கே இறங்கி இடுப்புப் பக்கம் தொங்கிக்கொண்டே வந்திருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு கண்டக்டர் இருந்தார். டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்தால் பை அழுத்திய தோளைத் தேய்த்துக்கொண்டே கதை சொல்வார். வண்டி ஏறும்போது சொந்தக் காசு எவ்வளவு வைத்திருக்கிறோம் என்று எழுதிவிட வேண்டும். வழியில் செக்கர் ஏறிப் பையைக் கொட்டி எண்ணினால் குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. “குறைஞ்சா திருடன்னு சொல்றாங்க, சரி. கூடினா எதுக்கு சார் தப்பு?” என்று ஒருநாள் கேட்டேன். “கூடுதலா இருக்கிற காசும் யாரோ ஒரு பாசஞ்சருடையதுதான வாத்தியாரே, சில்லறை கொடுக்காம விட்டது” என்றார். அவர் டீ குடிக்கிற காசு சட்டைப் பையில் தனியாக இருக்கும். பைக்குள் கைவிட்டு அவர் டீக்குக் காசு எடுத்து நான் பார்த்ததில்லை. இரண்டு காசும் ஒரே மாதிரிக் காசு. மாற்றி வைத்தால் ராத்திரிக் கணக்கில் நேராகிவிடும். ஆனாலும் எடுக்கமாட்டார். நேர்மையைப் பற்றி நான் வகுப்பில் நடத்திய பாடங்களில் எது பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. இதைச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது என்று சிலர் இப்போதும் சொல்கிறார்கள்.

மதுரைக்கே உரிய ஒரு தோள்பை உண்டு, அது துணியில்லை. சித்திரா பௌர்ணமிக்கு அழகர் வைகையில் இறங்கும்போது அவர்மேல் தண்ணீர் பீய்ச்சுவதற்கு நேர்ந்துகொண்டவர்கள் தோளில் மாட்டி வருகிற தோப்பறை. முழு ஆட்டுத் தோலைப் பையாக்கி, கால் பக்கங்களைக் கட்டி அடைத்து, வாயில் குழல் வைத்திருப்பார்கள். தண்ணீர் நிரப்பினால் நல்ல கனம். விலாவோடு அணைத்து அழுத்தினால் குழல் வழியாக மெல்லிய கம்பி போலத் தண்ணீர் எழும்பிச் சாமி குதிரையை எட்டும். சித்திரை வெயிலில் தொண்டை வறண்டு நிற்பவர் தோளில் அவ்வளவு தண்ணீர் இருக்கும். ஒரு வாய் குடிக்கமாட்டார். இப்போது மோட்டார் பம்பு, பிளாஸ்டிக் கேன் என்று கிளம்பிவிட்டார்கள். விசைப்பம்பு வைத்துப் பீய்ச்சக் கூடாது, பழைய முறையில் தோல்பையில்தான் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024ல் சொல்ல வேண்டி வந்தது. பம்பில் பீய்ச்சுபவருக்குத் தோளும் வலிக்காது, கையும் வலிக்காது. அப்புறம் அதில் நேர்ச்சை எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

என்னுடைய முதல் ஜோல்னாப் பை புதுமண்டபத்தில் தைத்தது. திருமலை நாயக்கர் கட்டி நானூறு வருஷத்தை நெருங்கியும் அது புது மண்டபம்தான். சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் வரிசையாகக் கடகடத்துக்கொண்டிருக்கும். அழகர் வேஷத்துக்கு உடுப்பு, சாமிக்குத் தொம்பை, பள்ளிக்கூட நாடகத்துக்குக் கிரீடம் என்று எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தக் கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் கொண்டுபோனது மூணு கஜம் காடாத் துணி. தையல்காரர் வாருக்கென்று தனியாக வெட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நீளவாக்கில் ஒரே பட்டையாகக் கிழித்தார். அந்தப் பட்டையே தோளுக்குமேல் வாராகி, இரண்டு பக்கமும் இறங்கி விலாவாகி, அடியில் வந்து சேர்ந்து பைக்குத் தரையுமாயிற்று. முன்னுக்கு ஒரு துண்டு, பின்னுக்கு ஒரு துண்டு வைத்து மூடிவிட்டார். பையின் வாயோரத்தில் வார் ஏறுகிற இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி மாதிரி இரண்டு தையல் ஓட்டினார். “பாரம் தையல்ல நிக்கக் கூடாது சார், துணியில நிக்கணும். தையல்ல நின்னா அறுந்து போயிரும்” என்றார். பர்மாவிலிருந்து வந்த ஒருவரிடம் ஷான் பை என்று ஒன்றைப் பார்த்தேன். நெய்த பூவேலை வேறு, கட்டுமானம் இதுவேதான். கடையில் மலிவாகக் கிடைக்கிற பைகளில் வாரைத் தனியாக ஒட்டுப்போட்டிருப்பார்கள். நாலு புத்தகம் வைத்தால் ஐந்தாவது நாள் கையில் வந்துவிடும்.

அந்தப் பையை மாட்டிக்கொண்டு ஊரில் திரிந்தவர்கள் இரண்டு மூன்று வகை. முதலில் கதர்க்காரர்கள். காந்தி 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரை மேலமாசி வீதியில் சட்டையைக் கழற்றிவிட்டு அரை வேட்டிக்கு மாறினார். அந்த உடுப்பில் பாக்கெட்டே கிடையாது. அதற்குப் பிறகு அவர் வழியில் நடந்தவர்களுக்குத் தோள்பை ஒன்றுதான் பாக்கெட்டு. 1956லும் 57லும் வினோபா தமிழ்நாட்டில் கால்நடையாக வந்தபோதும், ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இந்தப் பக்கம் ஊர் ஊராகப் பூமி கேட்டுப் போனபோதும் கூட நடந்த சர்வோதயக்காரர்களின் பையில் தக்ளி, கொஞ்சம் புத்தகம், யாரோ எழுதிக் கொடுத்த தானப் பத்திரம். பத்திரத்தில் இருக்கிற நிலம் சுமந்தவருக்கு ஒரு சென்ட் கிடையாது.

பிறகு சிவப்புத் துண்டுக்காரர்கள். 1975 ஜூலையில், நெருக்கடி நிலை வந்த சூட்டோடு சூடாக, தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் மதுரையில்தான் பிறந்தது. ‘செம்மலர்’ பத்திரிகையும் மதுரைதான். சினிமாக்காரர்கள் கேலி செய்த ஜோல்னாப் பைக்காரர் இந்த வட்டாரத்து ஆள் என்பது என் அனுமானம். அவர் பைக்குள் என்ன இருந்தது என்று சினிமாவில் காட்டமாட்டார்கள். விற்றுக் காசு கட்ட வேண்டிய பத்திரிகைக் கட்டு, யாரோ ஒரு கூலிக்காரருக்கு நிறுத்திவிட்ட சம்பளத்துக்கான மனு, ரசீதுப் புத்தகம், பாதி எழுதிய கவிதை. கவிதை மட்டும்தான் சொந்தம். அது நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது அதே பைகள் பெண் பிள்ளைகள் தோளுக்கு மாறின. ராத்திரி வகுப்புக்கு அரிச்சுவடியும் சாக்பீசும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

எல்லாத் தோள்பைக்காரர்களும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. பெரியபுராணத்திலேயே முத்தநாதன் வருகிறான். உடம்பெல்லாம் திருநீறு, கையில் புத்தகக் கட்டு. ஆகமம் சொல்ல வந்திருக்கிறேன் என்று சொல்லி அந்தப்புரம் வரை போய், கட்டைப் பிரித்துக் கத்தியை எடுத்து மெய்ப்பொருள் நாயனாரைக் குத்தினான். நன்கொடை ரசீதை அடிக்கட்டையோடு தின்றவர்களையும் நான் அறிவேன். ஆனால் ஒன்று கவனியுங்கள்: திருட வருபவன்கூட இந்த வேஷத்தைத்தான் போட வேண்டியிருந்தது. ஊர் நம்புகிற வேஷம் அது.

மஞ்சப்பையை இதில் சேர்க்க எனக்கு மனசில்லை. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்து, கைப்பிடியில் தொங்கி, சொந்தச் சாமான் சுமந்த பை. அதற்கும் பட்டிக்காட்டான் என்ற ஏச்சுத்தான் கிடைத்தது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்து, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே விழா எடுத்தபோது அதற்கு மானம் திரும்பியது. ஜோல்னாப் பைக்கு விழா எடுக்க ஒருவரும் இல்லை. பரவாயில்லை.

இப்போது பிள்ளைகள் இரண்டு தோளிலும் மாட்டி முதுகில் சுமக்கிறார்கள். லேப்டாப்பும் தண்ணீர் பாட்டிலும் சார்ஜரும் அவரவர் சொந்தம். வசதியான பை, குறை சொல்லமாட்டேன். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. முதுகுப்பை மூடிய பை. பின்னால் கிடக்கும், எதிரே வருபவருக்குத் தெரியாது. ஜோல்னாவுக்கு ஜிப்பு கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் எட்டிப் பார்த்து “என்ன புஸ்தகம்ணே?” என்று கேட்டுவிடுவார். அப்படிக் கேட்டே எனக்குப் பாதி நண்பர்கள் அமைந்தார்கள்.

பழைய அர்த்தத்தில் தோள்பைக்காரர் யார் என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் ஸ்விக்கி, சொமேட்டோ பையன்களைத்தான் காட்டுவேன். காளவாசல் சிக்னலில் பச்சை விழுவதற்குள் பத்துப் பேராவது நிற்கிறார்கள். முதுகில் அந்தச் சதுரப் பெட்டிப்பை. ஒருநாள் எங்கள் வாசலில் முகவரி விசாரித்த பையனிடம் உள்ளே என்ன என்று கேட்டேன். “சீல் பண்ணியிருக்கு தாத்தா, மணத்தை வச்சுப் பார்த்தா பிரியாணி” என்றான். சாப்பிட்டாயா என்றதற்கு, “இந்த ஆர்டர் முடிச்சிட்டுத்தான்” என்றான். மணி மூன்றாகியிருந்தது. மோர் கொடுத்தேன். பையைக் கழற்றாமலே நின்று குடித்தான்.

என் பை இப்போது நாலாவதோ ஐந்தாவதோ. பென்ஷன் பணம் பனியன் பைக்குள் பத்திரமாக இருக்கிறது, அது என் பாடு. ஜோல்னாவில் கிடப்பது வேறு: எதிர்வீட்டு அம்மாவின் ரேஷன் கார்டு, பெயர் சேர்க்க, கண்மாய்க்கரைத் தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்ட குடிதண்ணீர் மனு, விதவை பென்ஷன் நின்றுபோன ஒரு பெண்ணின் பாஸ்புக். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். ஒன்பதரைக்குள் போனால்தான் டோக்கன் சீக்கிரம் கிடைக்கும். மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், அந்தப் பாஸ்புக்கில் முதல் பக்கத்தை மட்டும் இரண்டு காப்பி.